பறவைக்கு ஏற்றிய விளக்கு

தாராபுரத்துக்காரர்களிடம் போய், "உங்கள் ஊரில் படம் பிடிக்க வெளிச்சம் போதுமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். மலை மறைவிலே மழைக்கு ஏங்கிக் கிடக்கும் கொங்குச் சீமை அது. வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை சிறகை விரித்தால் போதும், ஒளித்து வைத்திருந்த நீலமெல்லாம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் ஊரைத் தொட்டு ஓடும் அமராவதியின் கரையோடு, நீர் வரும் திக்கை நோக்கிப் போய்ப் பாருங்கள். உடுமலைப்பேட்டைப் பக்கத்து அணையையும் தாண்டினால் ஆனைமலைத் தொடர். அதன் ஈரக் காடுகளுக்குள்ளே நட்ட நடுப்பகலிலும் அந்தி நேரந்தான். அங்கே தீக்காக்கை என்று ஒரு பட்சி உண்டு. ஆணின் மார்பு செக்கச் செவேலென்றிருக்கும். படத்திலோ, இலை இடுக்கில் தெரியும் வானம் வெள்ளையாய் வெளுத்துப் போக, பறவை கரிக்கட்டையாய் விழும். கண்ணால் கண்ட சிவப்பு எங்கே போயிற்று?

இந்த இருட்டோடு மல்லுக்கு நின்ற மனிதர்களின் கதை, நாவல் எழுதுகிறவனுக்குப் பொறாமை ஊட்டக் கூடியது.

1887இல் ஜெர்மனியில், மக்னீசியப் பொடியோடு வேறு இரசாயனங்களைக் கலந்து கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். விளக்கு என்று பெயரே தவிர, குணமெல்லாம் வாணவெடியின் குணம். ஒரு மின்னல், ஒரு சத்தம், பிறகு புகை மண்டலம்! அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் இரவில் படகிலே போய் இதைக் கொளுத்திக் காட்டு மிருகங்களைப் படம் பிடித்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை அவருடைய 74 படங்களை வெளியிட்டது.

நம் நாட்டில், சிவாலிக் மலைக் காடுகளில் காட்டிலாகா அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டி வைத்தார். புலியின் கால் பட்டதும் வெளிச்சம் வெடிக்கும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக் கொள்ளும்! துப்பாக்கியோடு காட்டுக்குப் போவதே வீரம் என்றிருந்த நாளில், 1927இல் வந்த அவருடைய புத்தகம் காமிராவோடும் போகலாம் என்று காட்டியது.

புலி தாங்கும். குருவி தாங்குமா? பட்சிகளின் நல்ல காலம், 1929 வாக்கில் ஜெர்மனியிலேயே அந்த வெடியைக் கண்ணாடிப் பல்புக்குள் அடைத்து விட்டார்கள். புகையும் சத்தமும் ஒழிந்தன. ஆனால் ஒரு படத்துக்கு ஒரு பல்பு செலவு. பிறகு அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்டன் மின்சாரத்தால் நொடியின் மிகச் சிறு பங்கு நேரமே மின்னி மறையும் விளக்கைச் செய்தார். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அடிக்கும் ரீங்காரச் சிட்டின் சிறகுகள், அவர் படத்தில் அசையாமல் நின்றன.

இந்தச் சரித்திரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதலில், வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது என்று மண்டையை உடைத்துக் கொண்டார்கள். பிற்பாடு, எப்படிக் குறைப்பது என்று யோசிக்கலானார்கள்.

முழு வெளிச்சத்தையும் பறவையின் மேல் கொட்டினால் பின்னாலிருக்கும் காடு கறுத்துப் போகும். பறவையும் மியூசியத்தில் பஞ்சடைத்து வைத்த பொம்மையாகி விடும். ஆகவே, காட்டிலுள்ள இயற்கை வெளிச்சத்துக்கே காமிராவைத் திட்டம் செய்துகொண்டு, பிளாஷிலிருந்து கால் பங்கோ அதற்கும் குறைவாகவோ மட்டும் சேர்க்கிறார்கள். சமையலில் உப்புப் போடுகிற கணக்குத்தான். அந்தச் சிறு வெளிச்சம் நிழலை நிரப்பி, கண்ணிலே ஒரு பொட்டு ஒளியை வைக்கிறது. தேன்சிட்டின் மினுமினுப்போ சாயத்தால் வந்ததன்று, இறகின் நுண்ணிய அமைப்பால் வருவது. ஒளி தக்க கோணத்தில் படாவிட்டால் அது வெறும் கறுப்புத்தான். பட்டால் ஊதாவாய் ஜொலிக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அதனால்தான் பிளாஷ்காரருக்குப் பறவையை நெருங்கும் ஆசை வருகிறது. ஆபத்தும் அங்கேதான் பிறக்கிறது. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்து வெளிச்சத்துக்கு வழி செய்தால், அதே வழியாகக் காக்கையும் வரும். தாய் பயந்து பறந்து போனால் முட்டை குளிர்ந்து போகும். படம் என்னவோ அழகாகத்தான் இருக்கும்!

இவ்விஷயத்தில் எனக்கு நினைவுக்கு வருகிறவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர். 1950 முதல் 1996இல் காலமாகும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். அவர் படங்கள் கறுப்பு வெள்ளைதான். அவற்றைப் பார்க்கும்போது, நிழலும் அந்தப் பிராணியின் வீட்டில் ஓர் அறை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக நமக்குத் தந்தவர் தியடோர் பாஸ்கரன். அவர் 1940இல் பிறந்த ஊர், வெயில் காயும் இந்தத் தாராபுரமேதான்!

1972ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு காட்டுக்குள் விடும். எவ்வளவு வெளிச்சம் போடலாம் என்று சொல்லாது. இன்றைய காமிராக்கள் அரையிருட்டிலும் வர்ணத்தைப் பிடிக்கின்றன. ஆகவே விளக்கின் தேவையும் நாளுக்கு நாள் குறைகிறது.

குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் ஆறுமணிக்குருவியை, அந்தி மயங்கும் வேளையில் புதரடியில் கண்டால், பிளாஷ்காரர் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுச் சற்றுக் காத்திருக்கட்டும். அது பழையபடி சருகைப் புரட்டி இரை தேடினால் விளக்கின் அளவு சரி. வாயடைத்து நின்றால், அன்றைக்கு அவர் காமிராவை மூடி உறையில் போட்டுக் கொள்வதே மரியாதை.