ஒரே பிரதியின் துயரமும் இணையத்தின் நினைவும்

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வன்செயல்களின்போது பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1959 முதல் வெளிவந்துகொண்டிருந்த ‘ஈழநாடு’ பத்திரிகையின் பணிமனையும் அதே வன்செயல்களில் தீக்கிரையானது. அச்சிட்ட நூலுக்கு வேறெங்கேனும் இன்னொரு பிரதி இருக்கக்கூடும். ஏட்டுச்சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் அந்த வாய்ப்பு மிக அரிது.

இணையம் நமது வாழ்வை மாற்றியதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே வியக்கின்றனர். ஒரு கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த சமூகத்துக்கு வேகம் பெரிய விடயந்தான். எனினும் ஈழத்தமிழரைப் பொறுத்தவரை அதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. நமது நினைவைக் காக்கும் பொறுப்பு ஒரு கட்டடத்தை விட்டு, பல நாடுகளில் வாழும் பலருடைய கைகளுக்கு வந்து சேர்ந்தது. இந்த மாற்றம் எளிதாக நிகழவில்லை.

1995 ஒக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் தமிழ் இடம்பெறக் காரணமாயிருந்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அதே மாதத்தின் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்துகொண்டிருந்தனர். குடாநாட்டில் 1990 முதல் மின்சாரம் இல்லை. கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்கள், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நூல்களையும் உறுதிகளையும் நிழற்படங்களையும் வீடுகளிலேயே விட்டுச் சென்றனர். தமிழ் இணையத்தில் ஏறிய அந்த மாதத்தில், யாழ்ப்பாணத்து வீடுகளின் ஆவணங்கள் காப்பாரின்றிக் கிடந்தன.

இணையத்தில் ஏறிய தமிழுக்கும் சிக்கல் இருந்தது. கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் எம்மவர் பெரிதும் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்த சொல்லை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தெரியும். கணினியின் கண்ணுக்கு அது தமிழே அன்று. ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ் உருவம். பல பத்திரிகைகளின் தளங்களை வாசிப்பதற்கு அவற்றுக்குரிய எழுத்துருவைத் தரவிறக்க வேண்டியிருந்தது. இவற்றில் எழுதியவற்றைத் தேடுபொறிகளால் தமிழாகத் தேடியெடுக்கவும் இயலவில்லை.

யூனிக்கோட் என்னும் ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. ஆயினும் விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை பரவிய பின்னரே சாதாரண வாசகருக்கு அதன் பயன் கிட்டியது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண் என்பதே அதன் அடிப்படை. யாழ்ப்பாணத்தில் எழுதியதை ரொறன்ரோவில் வாசிக்கலாம். பத்தாண்டு கழித்துத் தேடியும் எடுக்கலாம்.

இந்தத் தொழில்நுட்பத்தோடு தன்னார்வலர்களின் உழைப்பும் சேர்ந்தது. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் தட்டச்சு செய்தளித்த பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் வருடி இணையத்தில் சேர்த்து வருகிறது. இன்று ஒரு பல்கலைக்கழக மாணவர், முன்னர் கொழும்புக்குச் சென்று தேட வேண்டியிருந்த பழைய சஞ்சிகையைத் தன் கைப்பேசியிலேயே புரட்டுகிறார். 1981இல் எரிந்தவை திரும்பவில்லை. ஆனால் எஞ்சியவற்றுக்கு இன்னொரு பிரதி உருவாகியிருக்கிறது.

அன்றாட வாழ்விலும் இந்த நினைவுப் பணி நடைபெறுகிறது. நம்மவர்கள் பலர் காலையில் முதலில் பார்ப்பது இணையத்தில் வரும் மரண அறிவித்தல்களை. ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் இன்னோர் ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும் அந்த வாசகங்களில் ஒரு தலைமுறையின் இடப்பெயர்வு வரலாறே அடங்கியிருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் கனடா, பிரான்ஸ், ஜேர்மனி என்ற சொற்கள் எந்தப் புள்ளிவிபரத்துக்கும் குறைந்தவையல்ல.

ஆனால் இணையத்தில் ஏறிவிட்டதாலேயே ஒன்று நிலைத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பல இடம்பெற்றிருந்த ஜியோசிட்டீஸ் 2009 ஒக்டோபரில் மூடப்பட்டது. தமிழ் இலக்கிய விவாதங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்த யாகூ குழுமங்கள் 2020இல் முற்றாக மூடப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கு முன் இணையத்தளமொன்றுக்கு நான் எழுதிய கட்டுரைகள் சிலவும் அத்தளத்தோடு மறைந்துபோயின; பத்திரிகையில் வெளிவந்தவை மட்டும் நறுக்குகளாக என்னிடம் எஞ்சியுள்ளன. தீயினால் எரிந்த நூலகத்துக்காகத் துயருறுகிறோம். கட்டணம் செலுத்தாததால் மறையும் தளத்துக்காக எவரும் அழுவதில்லை. இரண்டிலும் இழப்பு ஒன்றே.

இன்று நமது எழுத்தில் பெரும்பகுதி முகநூலில் குவிகிறது. அது பிறருடைய வளவு. அங்கு நாம் குடியிருப்பவர்களே. அங்கு எழுதுவதில் தவறில்லை. ஆயினும் நிலைக்க வேண்டியவற்றின் பிரதி ஒன்று பொது ஆவணகத்திலும் இருத்தல் வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில் கோயில் கும்பாபிஷேக மலரோ பாடசாலை ஆண்டு மலரோ, அந்தியேட்டியன்று வழங்கிய கல்வெட்டோ இருக்கக்கூடும். அவை கடைகளில் விற்கப்பட்டவையல்ல. சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சானவை. ஓர் ஊரின் வம்சாவளியும் ஆசிரியர்களின் பெயர்களும் குளங்களைத் தோண்டியோர் விபரமும் அவற்றில்தான் இருக்கின்றன. கறையான் எடுப்பதற்கு முன் அவற்றை வருடுவதற்குக் கொடுங்கள். உங்களிடம் இருப்பது கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம்.