இரக்கம் எழுப்பிய ஆலயம்

உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வரும் ஞாயிற்றைக் கத்தோலிக்கத் திருச்சபை இறை இரக்கத்தின் ஞாயிறாகப் போற்றுகின்றது. 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவ்விழாவை ஏற்படுத்தினார். அன்று வாசிக்கப்பெறும் நற்செய்தியில், ஐயுற்ற தோமையாரை ஆண்டவர் ஒதுக்கினாரல்லர். தம் காயங்களைக் காட்டித் தேற்றினார்.

நம் மைசூர் மாநகரின் புனித பிலோமினாள் பேராலய வரலாறும் இத்தகைய பரிவின் வரலாறேயாகும். 1843இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இங்குச் சிறு கோயிலொன்றை எழுப்புவித்தார். 1926இல், மன்னரின் செயலாளரான தம்புச் செட்டியார், அப்புனிதையின் திருப்பண்டத்தைப் பெற்றுத் தந்தார். 1933 அக்டோபர் 28ஆம் நாள் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் இன்றைய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். சாமுண்டியன்னையை வழிபட்ட மன்னர், பிற சமயத்தார் தொழுவதற்கும் துணை நின்றார். அவர்தம் செயலாளரும் அப்பணியில் பங்கு கொண்டார். இஃது நாம் நினைவிற்கொள்ளத் தக்கதன்றோ?

முதற் கிறித்தவர்கள் தம் உடைமையைப் பொதுவாக்கி, இல்லாதார்க்குப் பகிர்ந்து வாழ்ந்தனர் என்பது திருநூல் கூறும் செய்தி. வந்தவரை ஏற்று வாழ்வித்தது இந்நகர். இன்று நம் குடியிருப்பிற்குப் புதிதாக வரும் குடும்பம், எம்மொழியினராயினும் எச்சமயத்தவராயினும், நம் வாயிலில் தயங்கி நிற்குமாயின், நாம் பெற்ற இரக்கத்தை நாமே மறந்தவராவோம்.