கணக்கில் வராத சரக்கு: களியக்காவிளை எல்லையும் வணிகத் தடைகளை இனங்காணும் முறையும்

சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, அமரவிளை வணிகவரிச் சோதனைச்சாவடிக்கு வேலை இல்லாமல் போனது. தமிழக–கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டி நெய்யாற்றின்கரை நோக்கி வரும் லாரிகள் பில்லும் படிவமுமாகப் பல ஆண்டுகள் காத்துக் கிடந்த இடம் அது. உள்நாட்டு வணிகத்தின் முதன்மைத் தடை வரிச் சாவடிதான் என்ற கணிப்பு சரியானால், எல்லையை அடுத்த பாறசாலை, காஞ்சிரங்குளம், பூவாறு வட்டாரத்துச் சிறு வணிகர்களின் சிக்கல் அத்தோடு பெருமளவு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். தடை வரித்துறையின் கையிலிருந்து வேறு துறைகளின் கைக்கு மாறியது. அப்படி மாறிய தடையைக் காணும் கருவி நம் ஆய்வுமரபில் இன்னும் உருவாகவில்லை.

இந்தியாவுக்குள் மாநிலங்களுக்கிடையே வணிகத் தடை அப்படியொன்றும் பெரிதல்ல என்று கருதும் ஒரு போக்கு அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. அதன் ஊற்றுக்கண் 2017 ஜனவரி 31 அன்று வெளியான 2016–17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை. குறிப்பாக, ஒரே பொருளாதார இந்தியாவைப் பற்றிப் பேசும் அதன் 11ஆம் இயல். மாநிலங்களுக்கிடையிலான சரக்கு வணிகம் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 54 விழுக்காடு என்று அந்த இயல் மதிப்பிட்டது. பெரிய எண்தான். இவ்வளவு சரக்கு எல்லை தாண்டுகிறது என்றால் எல்லை அவ்வளவாகத் தடுக்கவில்லை என்று முடிவுகட்டுவது எளிது. பலரும் அப்படியே முடிவுகட்டினார்கள்.

அந்த எண் எதிலிருந்து வந்தது என்பதை இங்கே நின்று பார்க்க வேண்டும். மத்திய விற்பனை வரிக் கணக்கில் பதிவான பரிமாற்றங்களே அதன் அடிப்படை. ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர் இன்னொரு மாநிலத்தில் பதிவு பெற்றவருக்குச் சரக்கு அனுப்பி, சி படிவம் காட்டி 2 விழுக்காடு வரி கட்டினால் அது கணக்கில் ஏறும். ஒரே நிறுவனம் தன் கிடங்கிலிருந்து வேறு மாநிலக் கிடங்குக்கு மாற்றினாலும் ஏறும். சிமென்ட், மருந்து, துணி, வாகன உதிரிகள் எல்லாம் இதில் வந்துவிடும்.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் சந்தைகளுக்குத் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருவது வேறு வகைச் சரக்கு: மீன், காய்கறி, ஏத்தன்காய், பால், கறிக்கோழி, பாறைக்கல். இவற்றுள் மீனும் காய்கறியும் பாலும் பொதுவாக வரிவிலக்குப் பெற்றவை. வாங்குபவர் பெரும்பாலும் வரிப்பதிவு இல்லாதவர். வரி இல்லாத இடத்தில் சி படிவம் இல்லை. சி படிவம் இல்லாத இடத்தில் கணக்கும் இல்லை. நாட்டின் அன்றாட உணவில் பெரும்பங்கு எல்லை தாண்டும் விதத்தை, வரிக்கென்று உருவான ஏடு காட்டாது. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை, அந்த ஏட்டின் வேலை அதுவல்ல. ஆனால் அதை வைத்துத் தடையின் அளவைத் தீர்ப்பது தவறு.

பின்னர் வந்த தரவுகளும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2017–18ஆம் ஆண்டு ஆய்வறிக்கை சரக்கு சேவை வரித் தரவைக் கொண்டு உள்நாட்டு வணிகத்தை 60 விழுக்காடு என உயர்த்தி மதிப்பிட்டது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே கட்டாயமான மின்வழிச் சீட்டோ பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கே உரியது. புதுக் காய்கறி, மீன், பால் போன்றவற்றுக்கு அதுவும் வேண்டியதில்லை. கணக்கெடுப்பின் கருவி நவீனமாகியிருக்கிறது, பார்க்காத பகுதி அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 11ஆம் இயலை மேற்கோள் காட்டுவோர் பலர் அதன் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். பிற்பாதி அரசியலமைப்பைப் பற்றியது. 301ஆம் பிரிவு நாடெங்கும் வணிகச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. 304ஆம் பிரிவோ பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்க மாநிலத்துக்கு இடமளிக்கிறது. இந்த ஏற்பாடு பொதுச் சந்தையைத் துண்டாட வழிவிடுகிறது என்ற கவலை அந்த இயலிலேயே இருக்கிறது. வணிகம் பெரிது என்ற கண்டுபிடிப்பும் சட்டம் தடைக்கு வழிவிடுகிறது என்ற கவலையும் ஒரே இயலுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவதை வைத்து இரண்டாவதை மறைப்பது அந்த ஆவணத்துக்கே நியாயமாகாது.

நீதிமன்றங்களின் கவனமும் பெரும்பாலும் வரியின் மேலேயே இருந்தது. 1961இன் அட்டியாபாரி தேயிலை வழக்கு முதல், ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2016 நவம்பரில் தீர்ப்பளித்த ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கு வரை, ஒரு மாநிலத்தின் வரி எப்போது வணிகச் சுதந்திரத்தை மீறும் என்பதே மையக் கேள்வி. வரி இல்லாத சரக்கு சாலையில் நிறுத்தப்படும்போது என்ன ஆகிறது என்ற கேள்வி ஓரத்திலேயே கிடந்தது. சட்ட வரலாறும் பொருளியல் தரவும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால்தான் ‘தடை நீங்கியது’ என்ற முடிவு இவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது.

சரக்கின் பக்கம் வருவோம்.

2023 ஜனவரியில் தென்காசிப் பகுதியிலிருந்து கேரளம் நோக்கி வந்த டேங்கர் ஒன்று ஆரியங்காவில் பிடிக்கப்பட்டது. அதில் இருந்தது 15,300 லிட்டர் பால். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருப்பதாகக் கேரளப் பால்வளத் துறையின் சோதனை கூறியது. பின்னர் உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வில் அது தென்படவில்லை. மாதிரி எடுக்கத் தாமதமானதால் வேதிப்பொருள் சிதைந்துவிட்டது என்று பால்வளத் துறை குற்றம்சாட்ட, ஒரே அரசின் இரு துறைகள் ஒரே பாலைப் பற்றி இருவேறு முடிவோடு நின்றன.

இந்த நிகழ்வை வழக்கமாக இரண்டில் ஒரு விதமாகவே படிக்கிறார்கள். கலப்படக்காரன் தப்பினான் என்பது ஒன்று. கேரளம் தமிழகப் பாலைத் தடுக்கப் பார்க்கிறது என்பது மற்றது. இரண்டுமே முதன்மையானதைத் தவறவிடுகின்றன. பால் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, இரு தரப்பும் ஏற்கும் விடை உரிய நேரத்துக்குள் கிடைக்கவில்லை. நேர்மையாகப் பால் அனுப்புபவருக்கு அந்த விடையின்மையே தடை. கலப்படம் செய்பவருக்கு அதுவே தப்பும் வழி. தடையைச் சட்டத்தின் பெயரால் மட்டும் வகைப்படுத்தும் முறை இந்த இரட்டைத் தன்மையைப் பிடிக்க முடியாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கேரளத்துக்கெனத் தனி விதி இல்லை, தமிழக மீனுக்கெனத் தனி அளவுகோலும் இல்லை. மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது அச்சட்டம். மிளகாய்த்தூளுக்கும் எண்ணெய்க்கும் இது தாங்கும். ஐஸில் வரும் சாளைக்கு 14 நாள் என்பது பொருளற்ற காலம். காகிதத்தில் எந்தப் பாகுபாடும் இல்லாத ஒரு விதி, அழுகும் சரக்கின் மேல் விழும்போது எல்லையைச் சுவராக்கிவிடுகிறது. தூத்துக்குடியிலிருந்து இரவெல்லாம் ஓடி வந்த மீன் லோடு அமரவிளையில் நின்றால் அதற்குத் திரும்பிப் போகும் வாழ்வில்லை. விழிஞம் கரையில் இறங்கிய மீனும் அதே சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஆனால் அது சந்தைக்குப் போகும் வழியில் எல்லை ஏதும் இல்லை. விதி ஒன்று, நட்டம் இரண்டு.

2018 ஜூனில் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை நடத்திய சோதனைகளில் அமரவிளையிலும் வாளையாரிலும் ஆரியங்காவிலும் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. அந்த மாதத்தைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14இல் முடிகிறது. கேரளத்தின் இழுவைமடித் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை இறுதிவரை நீள்கிறது. கேரளத்துக்கு வெளிமீன் மிகத் தேவைப்படும் நேரமும் வெளிமீன் நெடுந்தூரம் வரும் நேரமும் சோதனை கடுமையாகும் நேரமும் ஒன்றாகச் சேர்கின்றன. ஒரே ஆண்டின் சோதனையைக் கொண்டு இதை ஒழுங்கு என்று நிறுவ முடியாது. எனினும் தடையை ஆண்டுச் சராசரியாக அளப்பதன் ஆபத்தை இது காட்டுகிறது. ஜூன் மாதத் தடை வேறு, ஜனவரித் தடை வேறு.

அந்தச் சோதனையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதப்பட்டைச் சோதனை, மீனில் ஃபார்மலின் இருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். 14 நாளுக்கும் சில நிமிடத்துக்கும் இடையிலான இந்த வேறுபாடு, நம் பார்வையில், இந்த எல்லையின் வணிகத்துக்கு வரி விகிதத்தைவிட முக்கியமானது.

‘உணவுப் பாதுகாப்பைத் தடை என்பதா?’ என்ற மறுப்பு எழும். ஐக்கிய நாடுகள் வணிக வளர்ச்சி மாநாட்டின் வகைப்பாடு சுங்கமல்லாத நடவடிக்கைகளை ஏ (A) முதல் பி (P) வரை அடுக்கும்போது, உணவு, தாவர, விலங்கு நலன் சார்ந்தவற்றையே முதல் அத்தியாயமாக வைக்கிறது. நியாயமான நோக்கம் கொண்ட விதியும் வணிகத்துக்குச் சுமை தரலாம் என்பது அங்கே ஏற்கப்பட்ட ஒன்று. இந்த மறுப்புக்கு இதற்கு மேல் இடம் தேவையில்லை.

வரி நீங்கினால் என்ன நடக்கும் என்பதற்குக் கறிக்கோழி நேரடிச் சான்று. கேரளம் கோழிக்கு 14.5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி விதித்திருந்த காலத்தில், நெடுஞ்சாலையை விட்டுப் பனச்சமூடு போன்ற குறுக்கு வழிகளில் கோழி கடத்துவது எல்லையில் எல்லாரும் அறிந்த தொழில். 2017 ஜூலையில் அந்த வரி முழுதும் போயிற்று. விலை வரியளவுக்கு இறங்கவில்லை. அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் கிலோ 87 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்றார், வணிகர்கள் கடையடைத்தார்கள். கொள்முதல் விலை பல்லடத்தில் பி.சி.சி. எனப்படும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிப்பதை ஒட்டியே நகர்கிறது என்பதைக் கோழிக்கடைக்காரர் எவரும் அறிவார். சாவடி மறைந்த பிறகுதான், அதன் பின்னால் நின்ற சந்தை வலிமை வெளியே தெரிந்தது. பல காரணங்கள் பின்னியிருக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் காட்டுவது சரியல்ல. தீவன விலையும் உண்டு, வெயிற்காலக் கோழி இறப்பும் உண்டு. ஆனாலும் வரியே தடை என்ற கூற்று இந்தச் சோதனையில் தேறவில்லை.

எதிர்த்திசைத் தடையும் உண்டு. அனுப்பும் மாநிலமே சரக்கைப் பிடித்து வைப்பது அது. தமிழகத்தின் ரேஷன் அரிசி எல்லை தாண்டக் கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது; அது மக்கள் வரிப்பணம். பாறைக்கல் கதை வேறு. விழிஞம் துறைமுகப் பணி 2015 டிசம்பரில் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவருக்கு மலைமலையாகக் கல் வேண்டியிருந்தது. கேரளத்தில் குவாரி அனுமதி இழுபறி. அருகிலுள்ள கன்னியாகுமரி மாவட்டக் கல்லுக்கோ தமிழகத்தின் கனிம அனுமதியும் போக்குவரத்துச் சீட்டும் வேண்டும், மேற்குத் தொடர்ச்சி மலையை அறுக்காதே என்ற உள்ளூர் எதிர்ப்பும் நியாயமாகவே எழுந்தது. பணி தாமதமானதற்குக் கல் தட்டுப்பாடு முக்கியக் காரணங்களில் ஒன்று. 2025 மே 2 அன்று முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் துறைமுகம் காஞ்சிரங்குளத்துக்கு மிக அருகில் உள்ளது. உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்து நிற்கும் துறை, பக்கத்து மாவட்டக் கல்லுக்காகக் காத்திருந்தது. பன்னாட்டு வணிகத் தடை, உள்நாட்டு வணிகத் தடை என்று இரண்டையும் தனித்தனித் துறைகளாக ஆய்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வட்டாரத்தில் இல்லை.

வணிகர்களையே நேரில் கேட்டுவிடலாமே என்பார்கள். ஜெனீவாவிலுள்ள பன்னாட்டு வணிக மையம் வளரும் நாடுகள் பலவற்றில் அதைத்தான் செய்துவருகிறது: முதலில் தொலைபேசியில் கேட்டு, சிக்கல் உண்டு என்று சொல்லும் நிறுவனத்தை நேரில் கண்டு விரிவாகப் பேசுவது. விதி கடினமா, விதியைச் செயல்படுத்தும் விதம் கடினமா என்று அது பிரித்துக் கேட்பது பெரிய முன்னேற்றம். ஆரியங்காவுப் பாலை விளக்க அந்தப் பிரிவினை உதவும். ஆனால் ஏற்றுமதியும் இறக்குமதியும் செய்துகொண்டிருக்கும் நிறுவனங்களே அதன் களம். ஒரு லோடு மீன் கொட்டப்பட்டதும் தொழிலை விட்டவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். மாநில எல்லையை மட்டும் தாண்டுபவரும் இருக்க மாட்டார்.

இக்கட்டுரை முன்வைக்கும் மாற்று எளியது. நிறுவனத்தையும் விதியையும் அலகாகக் கொள்ளாமல் லோடை அலகாகக் கொள்ள வேண்டும். ஏற்றிய இடம், நிறுத்திய இடம், நிறுத்திய துறை, முடிவு கிடைக்க ஆன மணி, திருப்பினால் நட்டத்தை ஏற்றவர் லாரிக்காரரா, மொத்த வியாபாரியா, தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்ணா என்பவற்றைப் பதிய வேண்டும். 2015இல் தமிழகக் காய்கறியின் பூச்சிக்கொல்லி எச்சம் பற்றி இரு மாநிலங்களும் மோதிக்கொண்டபோது, எத்தனை லோடு எந்தக் காரணத்துக்காகத் திரும்பியது என்ற பதிவு பொதுவெளியில் இருந்திருந்தால் விவாதம் வேறு தளத்தில் நடந்திருக்கும். வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் எச்ச ஆய்வகம் நெய்யாற்றின்கரை வட்டம் அடங்கிய இதே மாவட்டத்தில்தான் உள்ளது. ஓணத்தை ஒட்டிப் பாறசாலையில் பால் சோதனையும் நடக்கிறது. சோதனை நடக்கும் இடத்தில் பதிவேடும் இருக்கும். உணவுப் பாதுகாப்பு, பால்வளம், கனிமவளம் ஆகிய மூன்று துறைகளும் திருப்பி அனுப்பிய லோடுகளின் பதிவைத் தேதி, சரக்கு, காரணம், காத்திருந்த நேரம் என்ற நான்கு பத்திகளோடு வெளியிட்டால், அமரவிளை வரிச் சாவடி மூடப்பட்ட பிறகு இந்த எல்லையில் எஞ்சிய தடையின் முதல் நம்பகமான அளவு கிடைக்கும். அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவதிலிருந்தே அடுத்த கட்ட ஆய்வு தொடங்க வேண்டும்.