சில நேரம் ஸ்டார்ட் ஆகும், சில நேரம் ஆகாது: தூரப் பயணத்தில் மோட்டார் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கிழக்குக் கரைக்கு மோட்டாரில் போக நேரான வழி ஒன்று உண்டு. 10ஆம் எண் கூட்டரசு சாலையில் தெமர்லோ, அங்கிருந்து கோலா லிப்பிஸ், பிறகு 8ஆம் எண் சாலையில் குவா மூசாங் வழியாகக் கோத்தா பாரு. நானூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தூரத்தில் மோட்டார் ஒரேயடியாக நின்றுபோனால்கூட அது சிறிய தொல்லைதான். லாரியில் ஏற்றிக் கடையில் இறக்கினால், போர்மன் அரை மணி நேரத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவார்.

பெரிய தொல்லை வேறு. காலையில் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆன மோட்டார், தெமர்லோவில் தேநீர் குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கும் நன்றாக ஓடும். போர்மன் என்ன செய்வார்? பிளக்கை மாற்றுவார். அடுத்த முறை பேட்டரி, அதற்கடுத்து சி.டி.ஐ. பெட்டி. பணம் போய்க்கொண்டே இருக்கும், கோளாறு அப்படியே இருக்கும். விடியற்காலைப் பெரட்டுக்கும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும் அந்த ஒரே மோட்டாரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சின்னச் செலவு இல்லை.

விட்டு விட்டு வரும் கோளாறு சும்மா வந்து போவதில்லை. சூடு, தண்ணீர், அதிர்வு, பெட்ரோல் வரத்து என்ற நான்கில் ஒன்றோடு சேர்ந்துதான் பெரும்பாலும் வருகிறது. எதோடு சேர்ந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் மோட்டார் மக்கர் செய்தவுடன் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கைப்பேசியை எடுத்து நாலு வரி எழுதிவைப்பது நல்லது. எஞ்சின் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? மழையில் வந்ததா? டாங்கியில் எண்ணெய் ஊற்றி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று? பட்டனை அழுத்தியபோது எஞ்சின் சுற்றியதா, இல்லையா? இப்படி மூன்று தடவை எழுதினால் ஒரே விஷயம் மூன்றிலும் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியும்.

சுற்றுகிறதா என்பதே முதல் கேள்வி

பட்டனை அழுத்தியும் எஞ்சின் சுற்றவே இல்லை என்றால், அந்த நேரத்தில் பிளக்கையும் கார்புரேட்டரையும் தொட வேண்டாம். கோளாறு பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அழுத்தும்போது நியூட்ரல் விளக்கு மங்கினால் பேட்டரியில் பலம் இல்லை, அல்லது அதன் முனை சரியாகப் பிடிக்கவில்லை. ‘டக்’ என்று மட்டும் சத்தம் வந்தால் ரிலே வேலை செய்கிறது, ஆனால் போதிய மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கார்பன் தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் பட்டன், பியூஸ், பிரேக் சுவிட்சு, கிளட்ச் சுவிட்சு, பக்கத்தாங்கி சுவிட்சு ஆகியவற்றில் உங்கள் மோட்டாரில் எவை உண்டோ அவற்றை ஒவ்வொன்றாக அசைத்தபடியே அழுத்திப் பார்க்க வேண்டும். செம்மண் சாலையில் ஓடும் மோட்டாரில் பக்கத்தாங்கி சுவிட்சுக்குள் சேறு ஏறி இறுகிவிடுவது உண்டு.

தோட்டத்து மோட்டாருக்கு நகரத்து மோட்டாருக்கு இல்லாத எதிரிகள் சில உண்டு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒருவகை உப்பு. உர மூட்டையை ஏற்றி இறக்கும் மோட்டாரில் அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்து வயர் முனைகளை அரிக்கும். பால்மரத் தோட்டத்தில் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் அப்படித்தான். போத்தலைப் பின்னால் கட்டிக்கொண்டு போகும்போது சிந்தும் துளிகள் இருக்கைக்கு அடியில் இறங்கும். வெளியில் பார்த்தால் வயர் புதிதுபோல் இருக்கும். இணைப்பைக் கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். ஆறியிருக்கும்போது ஓரளவு மின்சாரம் கடத்தும் இந்த முனை, சூடேறினால் கைவிட்டுவிடும். லைன் வீட்டு எலிகள் கடித்த வயரும் இதே வேலையைச் செய்யும். பயணத்துக்கு முன் பேட்டரி முனைகளையும், சட்டத்தில் முடுக்கிய எர்த் வயரையும், பியூஸ் கூட்டையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப முடுக்கினாலே பலருடைய தொல்லை தீர்ந்துவிடும். இதற்குக் காசும் செலவில்லை.

ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் இருந்தால் ஊகத்துக்கு வேலை இல்லை. இரவு முழுக்க நின்ற மோட்டாரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் காலியாகிவிட்டது என்று பொருள். ஸ்டார்ட்டர் சுற்றும் நொடியில் 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி நம்பத்தக்கதல்ல. எஞ்சினை ஓடவிட்டு நன்றாக முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்படிக் காட்டவில்லை என்றால் புதிய பேட்டரி வாங்கியும் பயனில்லை, அதுவும் இரண்டு நாளில் படுத்துவிடும். நாள் முழுக்க ஓடியும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பலம் குறைந்துகொண்டே போகிற மோட்டாருக்கு இதுதான் நோய். பனிமூட்ட விளக்கு, கைப்பேசி சார்ஜர் என்று கூடுதலாக மாட்டியிருந்தால் முதலில் அவற்றைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இங்கே கேட்க வேண்டியது தீப்பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா என்பதுதான். கோளாறு இருக்கும் அந்த நிமிடத்திலேயே சோதித்தால்தான் பதில் கிடைக்கும். மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை.

உதிரி பிளக் ஒன்றைத் தொப்பியில் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து, நிழலில் கிக்கரை உதைத்துப் பார்க்கலாம். பெட்ரோல் சிந்திய இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது. பிளக்கை வெறும் கையால் பிடிக்கவும் கூடாது, ரப்பர் உறை போட்ட குறடு வேண்டும். நீல நிறத்தில் ‘பட் பட்’ என்று பொறி வந்தால் மின்சாரப் பக்கம் சரி. பொறியே இல்லை, ஆறியதும் வருகிறது என்றால் சூட்டில் கைவிடும் பாகம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது இக்னிஷன் காயில், அல்லது எஞ்சினுக்குள் இருக்கும் பல்சர் காயில். உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது. ஈரத்துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு இக்னிஷன் காயில் மேல் ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கலாம். பொறி திரும்பினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

ஓடிக்கொண்டிருந்தபோது நன்றாக இருந்தது ஏன் நிறுத்திய பிறகு கெடுகிறது என்று பலர் குழம்புவார்கள். ஓடும்போது காற்று எஞ்சினைக் குளிரவைக்கிறது. நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் சூடு வெளியே வந்து காயிலையும் கார்புரேட்டரையும் தாக்கும். அதனால் நிறுத்திய ஐந்து முதல் இருபது நிமிடம் வரையில்தான் இவை மிக அதிகம் சூடாகின்றன. ஒரு தேநீருக்கு ஆகும் நேரமும் அவ்வளவுதான்.

தண்ணீரோடு வரும் கோளாறு வேறு மாதிரி. பனி இறங்கிய விடியற்காலையில் தகராறு செய்து, வெயில் ஏறியதும் சரியாகிவிடும் மோட்டாரில் பிளக் தொப்பியோ அதன் தடித்த வயரோ வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, அந்த வயர்மேல் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் நீலப்பொறி வயர்மேல் ஊர்வது கண்ணுக்கே தெரியும். கையால் தொட வேண்டாம். அதிர்வோடு வருவது இன்னொரு விதம். குழியில் விழுந்து எழுந்தால் ஒரு கணம் அணைவது, ஹேண்டிலைத் திருப்பினால் நியூட்ரல் விளக்கு சிமிட்டுவது. சாவிப் பூட்டுக்குக் கீழே வயர்கள் வளையும் இடத்தில் பார்க்க வேண்டும்.

பொறி நன்றாக இருந்தால் எஞ்சினில் இருந்த பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்ப்பது போதும். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் அளவுக்கு மேல் வருகிறது. கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடவில்லை. அப்போது சோக் போடாமல் ஆக்ஸிலை முழுக்கத் திறந்து உதைத்தால் பிடித்துக்கொள்ளும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை.

காய்ந்த பிளக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காரணங்களில் மிக எளியதும் மிக அதிகம் மறக்கப்படுவதும் டாங்கி மூடியின் காற்றுத் துளைதான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். செம்மண் தூசியோ குளவி கட்டிய மண்ணோ துளையை அடைத்தால் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். சற்று நேரம் நின்றால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய் மீண்டும் ஓடும். நின்றவுடன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ‘ஸ்ஸ்’ என்று காற்றை உறிஞ்சி, உடனே ஸ்டார்ட் ஆனால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் முடிந்தது. இதைப் பார்க்காமல் கார்புரேட்டரையே புதிதாக மாற்றுவது வீண் செலவு.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு தெளிந்த போத்தலில் பிடிக்கலாம். தண்ணீர் அடியில் முத்து முத்தாகத் தங்கும். எல்லை தாண்டி ஹாட்யாய் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாய்லாந்து நிலையங்களில் எத்தனால் 10 அல்லது 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்கிறார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய டாங்கியில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும். பழைய கார்புரேட்டர் மோட்டாருக்கு 20 விழுக்காடு கலந்ததைத் தவிர்ப்பது நல்லது.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, சூட்டில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் வால்வ் இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும். சிறிய கப்சாய்களில் இந்த இடைவெளி மிகக் குறைவு, தலைமுடி அளவுதான். தேய்ந்து இறுகிப்போனால் சூட்டில் வால்வ் முழுதாக மூடாமல் அழுத்தம் கசியும். ஆறியிருக்கும்போது கிக்கர் கெட்டியாகவும், சூட்டில் தொளதொளவென்றும் இருந்தால் இதுதான். கடையில் கேட்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே கேட்க வேண்டும்.

எஃப்.ஐ. மோட்டார்கள்

பழைய கார்புரேட்டர் கப்சாய்கள் பலவற்றில் பேட்டரி செத்தாலும் கிக்கரில் கிளப்பிவிடலாம். எஃப்.ஐ. மோட்டார்கள் பலவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. பெட்ரோல் பம்புக்கும் கணினிப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி ‘ம்ம்’ என்ற பம்ப் சத்தம் கேட்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாத தடவைகளில் மட்டும் அந்தச் சத்தம் இல்லை என்றால் பம்ப், அதன் பியூஸ், அதன் இணைப்பு என்று வட்டம் சுருங்கிவிடும். மஞ்சள் விளக்கு மினுங்கினால் எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். ஹோண்டாவின் சிறிய மோட்டார்களில் நீண்ட மினுக்கல் பத்து, குறுகியது ஒன்று. ஏழு குறுகிய மினுக்கல் எஞ்சின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் குறிக்கும். அது தப்பாகச் சொன்னால் கணினி பெட்ரோலைத் தப்பாக அளந்து ஊற்றும்.

எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம். நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் உட்கார்ந்து பிளக்கைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. மோட்டாரைத் தள்ளிக்கொண்டுபோய் ஓய்விடத்திலோ இரும்புத் தடுப்புக்கு வெளியிலோ நிற்க வேண்டும். கெரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நீண்ட தூரத்துக்குக் கடையும் இல்லை, பல இடங்களில் கைப்பேசித் தொடர்பும் இல்லை, யானைகள் சாலையைக் கடக்கும். சந்தேகமுள்ள மோட்டாரோடு மாலையில் அந்தப் பாதையில் ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை.

புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே சோதித்துவிடலாம். சிரம்பான் பக்கம் இருப்பவர்கள் போர்ட்டிக்சன் வரை போய்த் திரும்பினால் எஞ்சின் நன்றாகச் சூடேறிவிடும். நிறுத்தி ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பையில் உதிரி பிளக், பிளக் ஸ்பேனர், பியூஸ், உப்புத்தாள், ஒரு முழம் வயர், டேப், மல்ட்டிமீட்டர் இருந்தால் போதும்.

கடைக்குப் போகும்போது “மோட்டார் சரியில்லை” என்று சொல்லாமல், “சூட்டில் நிறுத்தி பத்து நிமிடம் கழித்தால் சுற்றுகிறது, பொறி இல்லை, ஆறினால் வருகிறது” என்று சொன்னால் நல்ல போர்மனுக்கு அது போதும். ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். புதியதை மாட்டியும் கோளாறு வந்தால், பழையது கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துவிடும். அது அடுத்த பயணத்தில் உதிரியாகப் பைக்குள் இருக்கலாம்.