கையில் புத்தகத்தோடு ஒருத்தி பிறந்த கதை

கார்ட்டூன் இளவரசிகளில் யார் புத்திசாலி என்று பேச்சு வந்தால் முதலில் அடிபடும் பெயர் பெல். 1991இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தின் நாயகி. படம் தொடங்கியதும் புத்தகத்தைப் படித்துக்கொண்டே ஊர்த்தெருவில் நடந்து போவாள். சுற்றி நடக்கும் அமளி எதுவும் அவள் கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்க வைக்காது. அவள் பிறப்பால் இளவரசியே அல்ல. அந்தப் புத்தகம் அவள் கைக்கு வந்து சேர்ந்ததும் லேசில் நடக்கவில்லை.

கதையின் வேர் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. 1740இல் வில்நெவ் என்ற பெண் எழுத்தாளர் பெரியவர்களுக்காக நீளமாக எழுதிய கதை அது. லண்டனில் வசதியான வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த ஜான்-மரி லெப்ரன்ஸ் த போமோன் அதைச் சுருக்கி, 1756இல் சிறுவர்களுக்கான தன் நூலில் சேர்த்தார். உலகம் இன்று அறிந்திருப்பது போமோனின் வடிவத்தைத்தான். அதில் வரும் வணிகனின் கடைசி மகள் நல்ல புத்தகங்களில் மூழ்கிக் கிடப்பவள். அதற்காகவே அக்காக்கள் அவளைக் கேலி செய்கிறார்கள். சாபத்தால் விலங்காக மாறிய இளவரசனின் மாளிகையில் அவளுக்கென ஒதுக்கிய அறையில் முதலில் அவள் மனத்தை இழுப்பது ஒரு பெரிய நூலகம்.

அந்தக் கதையில் அறிவைப் பற்றி இன்னொரு நுட்பமும் உண்டு. சாபம் இளவரசனின் அழகை மட்டும் பறிக்கவில்லை, அறிவை வெளிக்காட்டவும் தடை போட்டது. மூத்த அக்காவுக்கு வாய்த்தவன் அழகன், தன்னைத் தவிர வேறு யாரையும் நினைக்காதவன். அடுத்தவளுக்கு வாய்த்தவன் மகா கெட்டிக்காரன், அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் எல்லோரையும் வதைப்பவன். அழகும் சாமர்த்தியமும் கண்ணெதிரே தோற்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாயகி தன் முடிவை எடுக்கிறாள். 18ஆம் நூற்றாண்டு ஆசிரியை ஒருவர் சிறுமிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

டிஸ்னியின் இளவரசிகளோ வேறு வழியில் வந்தார்கள். 1937இல் ஸ்னோ ஒயிட், 1950இல் சிண்ட்ரெல்லா, 1959இல் அரோரா. முன்பின் தெரியாத கிழவி தந்த ஆப்பிளைக் கடித்ததற்காக ஸ்னோ ஒயிட்டை முட்டாள் என்பார்கள். கிரிம் சகோதரர்களின் கதையில் அவள் அதே சிற்றன்னையிடம் மூன்று முறை ஏமாறுகிறாள். படத்தில் ஒரே முறைதான். அரோராவின் நிலைமை அதைவிடப் பரிதாபம். தான் இளவரசி என்று தெரிந்து அழுதுகொண்டே ஓடிய பிறகு, படம் முடியும் வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல்கூட வராது. பேச இடமே கொடுக்காமல் வைத்துவிட்டு ஒருத்தியின் அறிவை எடைபோடுவது நியாயம் இல்லை.

1980களின் இறுதியில் டிஸ்னி போமோனின் கதையைக் கையில் எடுத்தது. ரிச்சர்ட் பர்டம் லண்டனில் உருவாக்கிய முதல் வடிவத்தில் பாட்டு இல்லை, இருண்ட சாயல். 1989இல் அதைப் பார்த்த டிஸ்னி ஸ்டூடியோவின் தலைவர் ஜெஃப்ரி கட்சென்பெர்க், முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார். புதிய திரைக்கதை லிண்டா வுல்வெர்ட்டனின் பொறுப்பு. டிஸ்னியின் முழுநீள அனிமேஷன் படத்துக்குத் திரைக்கதை எழுதிய முதல் பெண் அவர். பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மேன் எய்ட்ஸ் நோயால் தளர்ந்திருந்ததால், நியூயார்க் மாநிலத்தின் ஃபிஷ்கில் என்ற ஊரில் அவர் வீட்டுக்கு அருகிலேயே குழு கூடி வேலை பார்த்தது. பெல் படிக்கிறவளாக இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒருமனதாக இருந்தார்கள். ‘லிட்டில் விமன்’ படத்தில் கேத்தரின் ஹெப்பர்ன் நடித்த ஜோ என்ற துடிப்பான பெண்ணும் வுல்வெர்ட்டனின் மனத்தில் இருந்தாள்.

எழுதியது அப்படியே படமாக வரவில்லை. தான் போக ஆசைப்படும் இடங்களை பெல் வரைபடத்தில் ஊசி குத்தி அடையாளம் வைக்கிறாள் என்று வுல்வெர்ட்டன் ஒரு காட்சி எழுதினார். ஓவியக் குழு வரைந்து அனுப்பியதைப் பார்த்தால் பெல் அடுக்களையில் கேக் செய்துகொண்டிருந்தாள்! இவளுக்கு அடுப்படி வேலையே தெரியாது என்று அவர் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. புத்தகம் படிப்பதிலும் சிக்கல். உட்கார்ந்து படிப்பவளைத் திரையில் எவ்வளவு நேரம் காட்டுவது, அசைவே இல்லையே என்றார்கள். அப்படியானால் நடந்துகொண்டே படிக்கட்டும் என்று முடிவானது. சிறுவயதில் கடைக்குப் போகும் வழியில் வுல்வெர்ட்டன் செய்த பழக்கம்தான் அது. இன்று பெல்லின் அடையாளமாகிவிட்ட அந்த நடை இந்த இழுபறியில் பிறந்தது.

ஆனால் புத்தகத்தை வைத்து மட்டும் அவளைப் புத்திசாலி என்று சொன்னால் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். அவள் அறிவு தெரிவது, விலங்கு அவள் அப்பாவை அடைத்து வைத்திருக்கும் கோட்டைச் சிறையில். அப்பாவை விட்டுவிடு, அவருக்குப் பதில் நான் இருக்கிறேன் என்று சொல்பவள், உடனே ஒப்பந்தத்தை முடித்துவிடவில்லை. இருட்டில் நின்று பேசுபவனை வெளிச்சத்துக்கு வரச் சொல்கிறாள். எதற்குத் தலை கொடுக்கிறோம் என்று கண்ணால் பார்த்து, நடுங்கி, அதன் பிறகு வாக்குக் கொடுக்கிறாள். ஊரே கொண்டாடும் காஸ்டனை வேண்டாம் என்று சொல்வதும், ஓநாய்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றியவனிடமே முன்கோபத்தை அடக்கு என்று முகத்துக்கு நேரே சொல்வதும் அதே புத்திதான்.

ஆஷ்மேன் 1991 மார்ச்சில் இறந்தார். நவம்பரில் படம் வெளிவந்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் அனிமேஷன் படம் அதுதான். பெல்லுக்கு யாராவது மதிப்பெண் போடுவதாக இருந்தால், அதில் ஒரு பங்கை லண்டனில் பாடம் நடத்திய போமோனுக்கும் கேக் வேண்டாம் என்று அடம்பிடித்த வுல்வெர்ட்டனுக்கும் கொடுத்துவிடுங்கள்.