அரங்குகள் சொல்லும் சரித்திரம் – 6: கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம்

ஒரு தேசம் தன் விடுதலையைப் பிரகடனம் செய்யும் வைபவம் அரசவை மண்டபத்திலோ கோட்டை வாயிலிலோ நடப்பதே பெரும்பாலும் உலக வழக்கமாயிருக்க, விளையாட்டரங்கம் ஒன்றின் பசும்புல் தரையில், திரண்டிருந்த ஜனங்களின் கண்ணெதிரே அந்தச் சுப காரியத்தை நிறைவேற்றிக்கொண்ட பெருமை மலாயா நாட்டுக்கு உண்டு.

சுதந்திரம் நிச்சயமானதும், அதற்கென்றே ஓர் அரங்கம் எழவேண்டும் என்று மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் சங்கல்பம் செய்தார். பொதுப்பணி இலாகாவின் ஸ்டான்லி ஜூக்ஸ் திட்டம் வகுத்தார். கைவசமிருந்த அவகாசமோ ஏறத்தாழ ஓராண்டுதான். ஆதலால் காங்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்துவைத்துக் கொணர்ந்து பொருத்தும் முறை கையாளப்பட்டது. வானளாவிய விளக்குக் கோபுரங்கள் அவ்விதம் உருவானவையே; வாயில்களின் மேல் மெல்லிய கூரைகள் வளைந்து நிற்கின்றன.

1957 ஆகஸ்டு 30-ஆம் தேதி அரங்கம் திறக்கப்பட்டது. மறுநாள் காலை பெய்த மழையால் வைபவம் சற்றுத் தாமதித்தே தொடங்கியது. பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியாக வந்த கிளஸ்டர் கோமகன் ஆட்சியுரிமைப் பத்திரத்தை ஒப்படைக்க, துங்கு பிரகடனத்தை வாசித்து முடித்து, வலக்கரத்தை உயர்த்தி, ‘மெர்டேக்கா’ என்ற விடுதலை முழக்கத்தை ஏழு முறை எழுப்பினார். ஏறக்குறைய இருபதினாயிரம் குரல்கள் ஒவ்வொரு முறையும் அதை எதிரொலித்தன. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் கூட்டணியாகக் கூடிநின்று பெற்ற சுதந்திரம் அது. மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் வீ. தி. சம்பந்தன் அந்தக் கூட்டணியின் தூண்களில் ஒருவர்.

அரசியலுக்கு இடந்தந்த அரங்கம், பின்னர் விளையாட்டின் வீடாகவே வாழ்ந்தது. 1975 மார்ச் 15 அன்று நடந்த உலகக் கோப்பை ஹாக்கி இறுதியாட்டத்தில், பாகிஸ்தானிடம் முதலில் ஒரு கோல் பின்தங்கிய இந்தியா, சுர்ஜித் சிங்கின் கோலால் சமநிலை எய்தியது. அதன்பின் ஹாக்கி மேதை தியான் சந்தின் புதல்வர் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தின் உட்புறத்தில் பட்டு வெளியே தெறிக்க, அது கோலே அன்று என்று பாகிஸ்தான் வீரர்கள் வாதாடியும், மலேசிய நடுவர் விஜயநாதன் தம் தீர்ப்பில் உறுதியாக நின்றார். இந்தியா வென்ற ஒரே உலகக் கோப்பை ஹாக்கிப் பட்டம் அதுதான். அவ்வாண்டிலேயே குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி, ஜோ பக்னரோடு பதினைந்து சுற்றுக்கள் பொருதி வென்றதும் இங்கேதான். 1980-இல் மலேசியக் கால்பந்தாட்டக் குழு தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், அரசாங்கத்தின் பகிஷ்கார முடிவால் அங்கே செல்ல இயலாமற்போனது. கோல் காவலர் ஆறுமுகம் போன்ற தலைசிறந்த ஆட்டக்காரர்கள் வாழ்ந்த தலைமுறைக்கு அது ஆறாத துயரம்.

1998-இல் புக்கிட் ஜாலில் அரங்கம் தேசிய அரங்கமாயிற்று. பழைய அரங்கமோ அதற்கு முன்பே தனியார் வசமாகி, இடிபடும் அபாயத்தை எட்டியிருந்தது. பொருளாதார நெருக்கடி அத்திட்டத்தைத் தடுத்தது. பின்னர் அறக்கட்டளையொன்று பொறுப்பேற்க, பிற்காலச் சேர்க்கைகள் நீக்கப்பட்டு, சுதந்திரப் பொன்விழா ஆண்டான 2007-இல் அரங்கம் தன் ஆதி வடிவத்தை மீண்டும் பெற்றது. அப்பணிக்கு மறு ஆண்டே யுனெஸ்கோவின் பாரம்பரிய விருது கிட்டியது.

புதியவை கட்டுவது செல்வத்தின் லட்சணம். பழையவற்றைக் காப்பது பண்பின் லட்சணம். கோலாலம்பூர் செல்லும் வாசகர்கள் பெட்ரோனாஸ் கோபுரங்களோடு திரும்பிவிடாமல், இந்த அரங்கத்தையும் கட்டாயம் தரிசித்து வரவேண்டும்.