மூன்று மூலை எஞ்சினும் ஒரு கொப்பியும்

போன மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு நம்மிடம் படித்த பிள்ளை ஒருவர் வீட்டுக்கு வந்தார். தோட்டத்துப் பிள்ளை. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டு, பெல்மதுளைப் பக்கம் ஒரு கராஜில் வயரிங் வேலை பழகுகிறார். கையில் ஒரு கட்டு ஆங்கில வரைபடம். "சேர், இதுல எங்க பிழைச்சா எஞ்சின் போகும்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

வாகனம் ஒரு பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-7. அதன் சொந்தக் கணினி செத்துவிட்டது. பதிலுக்கு வெளியே வாங்கிய வேறொரு கணினியைப் பூட்ட வேண்டும். நமக்கு எஞ்சின் தெரியாது, ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். அவருக்கு மறுபக்கம். மூன்று வாரம் சேர்ந்து வாசித்ததில் இது வரலாற்றுப் பாடமாகவே ஆகிவிட்டது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டு வாகனங்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஆர்எக்ஸ்-7இல் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம், இடுப்பு ஒடுங்கிய முட்டை போன்ற கூட்டுக்குள் சுழல்கிறது. அது ஒரு சுற்று வருவதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். முக்கோணத்தின் மூன்று மூலையிலும் மெல்லிய சீல் ஒன்று கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போகிறது. அந்தச் சீல் போனால் எஞ்சினே போனது.

இதைக் கண்டுபிடித்த பீலிக்ஸ் வாங்கல் 1902இல் ஜேர்மனியில் பிறந்தவர். பல்கலைக்கழகப் படி மிதிக்கவில்லை. ஹைடல்பேர்க் நகரில் புத்தகக் கம்பனி ஒன்றில் வேலை செய்துகொண்டே 1924இல் ஒரு சின்னப் பட்டறை போட்டார். சாகும்வரை சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கவில்லை என்பார்கள். நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். திறமை வேறு, குணம் வேறு. 1957இல் என்எஸ்யு கம்பனியில் அவருடைய எஞ்சின் முதன்முதலாக ஓடியது. அதில் முக்கோணத்தோடு கூடும் சேர்ந்து சுழன்றது. அந்தக் கம்பனியின் பொறியியலாளர் பாஷ்கே கூட்டை அசையாமல் நிறுத்தி முக்கோணத்தை மட்டும் சுழலவிட்டார். இன்று உலகம் அறிந்த ரோட்டரி அதுதான். வாங்கலுக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை.

1967இல் என்எஸ்யு தன் ஆர்ஓ 80 காரை விற்பனைக்கு விட்டது. சீல்கள் தேய்ந்து எஞ்சின்கள் வரிசையாகத் திரும்பி வந்தன. அந்தக் கார்க்காரர்கள் வீதியில் எதிரெதிரே கண்டால், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்களாம். 1969இல் கம்பனி வொக்ஸ்வாகன் கைக்குப் போய்விட்டது.

அதே நோய் ஜப்பானிலும் இருந்தது. ஹிரோஷிமாவில் மஸ்டா 1961இல் இந்த உரிமத்தை வாங்கியபோது, கூட்டின் சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்தது. 'பிசாசின் நகக் கீறல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பொறுப்பு கெனிச்சி யமமோட்டோவிடம் வந்தது. அணுகுண்டு விழுந்த ஊரில், போருக்குப் பின் மூன்று சக்கர லொறிக்கு கியர்பொக்ஸ் பூட்டும் தொழிலாளியாக அந்தக் கம்பனிக்குள் நுழைந்தவர் அவர். 47 பேர் கொண்ட குழுவோடு ஒவ்வொரு பொருளாகச் சீல் செய்து, உடைந்ததை எழுதிவைத்து, மறுபடி செய்து பார்த்தார்கள். கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் நின்று பிடித்தது. 1967 மே மாதம் கொஸ்மோ ஸ்போர்ட் வந்தது. 1991இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் போட்டியில் நான்கு ரோட்டர் கொண்ட 787பி முதலிடம் பெற்றது. ஜப்பானியக் கார் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் தடவை.

இனி கணினிக்கு வருவோம். எஞ்சினுக்கு மூளை வைப்பது நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. பழைய நீராவி எஞ்சினில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலுமே, கவர்னர், ஜேம்ஸ் வாட் 1788இல் பூட்டியது. வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். இந்தப் பிள்ளையின் தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் ட்ரைவராக இருந்தவர். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வாராம்.

1978இல் வந்த முதல் ஆர்எக்ஸ்-7இல் கார்பரேட்டர்தான். இரத்தினபுரியில் சரியாக டியூன் பண்ணிய கார் நுவரெலியாவுக்கு ஏறினால் மூச்சு முட்டும். அங்கே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அது கார்பரேட்டருக்குத் தெரியாது. கணினிக்குத் தெரியும். அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும். ரோட்டரி மேல் பைத்தியமான அவுஸ்திரேலியாவில், சிட்னியில் 1986இல் ஹெல்டெக் கம்பனி தொடங்கி, யாரும் பூட்டிக்கொள்ளக்கூடிய கணினிகளைச் செய்தது. இப்போது ஸ்பீடுயினோ என்று ஒன்று இருக்கிறது. நம் உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் விளக்கு எரித்துப் பழகுகிற அதே ஆர்டுயினோ பலகைதான், திட்டம் முழுவதும் இலவசம்.

பிறகு வயர். தண்டு எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சரில் 24 பல் ஒரு சக்கரம், 2 பல் ஒரு சக்கரம். அந்த வயர்களுக்கு உறை போட்ட கேபிள் வேண்டும், உறையை ஒரு முனையில் மட்டும் ஏர்த் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் கொயிலின் இரைச்சலைக் கணினி பல் என்று எண்ணிவிடும். ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், முதலில் ஒன்று, சில பாகை கழித்து மற்றது. இடம் மாறினால் நேரம் தப்பி வெடித்து, சீல் நொறுங்கும். அதனால் பெற்றோலை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சுற்றி, டைமிங் லைட் பிடித்துப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

ஆனால் கார் முதலில் கெட்டது இதனால் அல்ல. முன்பு வேறொரு இடத்தில் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். 1989க்குப் பிந்திய ஆர்எக்ஸ்-7இல் சீலுக்கு ஒயில் ஊட்டும் சின்னப் பம்பின் அளவைப் பழைய கணினிதான் கட்டுப்படுத்துகிறது. கணினியைக் கழற்றினால் அந்தக் கட்டுப்பாடும் போய்விடும். புதிய கணினி அந்தப் பம்பைத் தானாக எடுத்துக்கொள்ளாது. அதை யாரும் கவனிக்கவில்லை. வாகனம் ஓடியது, சில நாளில் சீல் போனது. பரிகாரம் பெரிய வித்தை அல்ல. பழைய டூ-ஸ்ட்ரோக் த்ரீவீலுக்கு ஊற்றியது போல் பெற்றோலில் அளவாக ஒயில் கலந்தால் போதும். இதை நாம் கண்டது வரைபடக் கட்டின் ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு வரியாக. அந்த வரியால் இன்னொரு எஞ்சின் தப்பியது.

போன வெள்ளிக்கிழமை வாகனம் ஸ்டார்ட் ஆனது. கராஜ் நானா ஒன்றும் பேசவில்லை, பிள்ளைக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். பிள்ளை எல்லாவற்றையும் தமிழில் ஒரு நூற்றிருபது பக்கக் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறார். எந்த நிற வயர் எங்கே, என்ன பிழைத்தது, ஏன் பிழைத்தது. தாத்தாவுக்குத் தெரிந்ததில் ஒரு வரிகூட வீட்டில் இல்லையாம். அவர் மௌத்தாகிப் பதினொரு வருடம்.

உங்கள் வீட்டில், அயலில், தேயிலை, இறப்பர் தொழிற்சாலைகளில் எஞ்சின் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் நாமும் அந்தப் பிள்ளையும் கொப்பியோடு வருகிறோம்.